ஆறாவது பெயர்

கோல்ஃபில் பெரிய போட்டிகள் என்று நான்கைச் சொல்வார்கள். அவற்றில் மூன்று ஆண்டுக்கொரு மைதானமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாஸ்டர்ஸ் மட்டும் 1934இல் தொடங்கிய நாளிலிருந்து ஒரே இடத்தில் நடக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில், ஒரு காலத்தில் நாற்றுப் பண்ணையாக இருந்த நிலத்தில், ஏப்ரல் பிறந்தால் அதே பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயரோ மரத்தின் பெயரோ உண்டு. ஒருமுறை வென்றவருக்கு ஆயுள் முழுக்க அழைப்பும் உண்டு. இளைஞராக வந்து வென்றவரை அறுபது வயதிலும் அதே சரிவில் நின்று, அதே ஓடையைத் தாண்டி அடிக்கப் பார்க்கலாம். கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்திராத என்னை இந்தப் போட்டி இத்தனை காலம் கட்டி வைத்திருப்பதற்கு இந்த இரண்டு வழக்கங்கள்தான் காரணம். எங்கள் நண்பர்கள் பந்தயமும் இவை இல்லாவிட்டால் என்றோ நின்றுபோயிருக்கும்.

1993இல் நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் மேலாளர் சிறுவயதில் கோல்ஃப் கிளப் ஒன்றில் கேடியாக, அடுத்தவர் பையைச் சுமந்து, படிப்புக்குப் பணம் சேர்த்தவர். ஏப்ரல் வந்ததும் ஒரு தாளைத் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, மேசை மேசையாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட வரும் அத்தனை பேரையும் தரவரிசைப்படி ஆறு பிரிவாகப் பிரித்திருந்தார். பிரிவுக்கு ஒருவராக ஆறு பெயரை வட்டமிட்டு, பத்து டாலர் நோட்டைத் தாளோடு சேர்த்து ஊக்கால் குத்தி, வியாழக்கிழமை, முதல் ஆட்டக்காரர் அடிப்பதற்குள் அவரிடம் தந்துவிட வேண்டும். நான்கு நாள் ஆட்டம் முடிந்ததும் நம் ஆறு பேரில் நன்றாக ஆடிய நால்வரின் கணக்கைக் கூட்டுவார்கள். யாருக்கு அடிகள் குறைவோ அவர் வென்றவர். வெள்ளிக்கிழமை மாலையோடு ஆட்டக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியே போக வேண்டியிருக்கும். அதுதான் 'கட்'. கட்டைத் தாண்டாதவர் பெயரில் சனிக்கிழமைக்கு எண்பது, ஞாயிற்றுக்கிழமைக்கு எண்பது என்று எழுதிக்கொள்வோம். தாளின் அடியில், வெல்லப்போகிறவரின் மொத்த அடி எவ்வளவு இருக்கும் என்று ஒரு எண்ணும் எழுத வேண்டும். இரண்டு பேர் சமமாக வந்தால் அந்த எண்தான் தீர்ப்புச் சொல்லும்.

அந்தத் தாளில் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. மேலாளர் என் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொன்னார். முதல் பிரிவில் பெர்ன்ஹார்ட் லாங்கர் இருந்தார். ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு கொத்தனாரின் மகன். எட்டு ஒன்பது வயதிலேயே கேடியாகப் போனவர். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் அடிக்கும்போது கை தானாகத் துள்ளும் கோளாறு அவரை ஒருமுறைக்கு மேல் பிடித்தது, ஒவ்வொரு முறையும் மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி மீண்டு வந்தார். 1985இல் மாஸ்டர்ஸை வென்றவர். 1991இல், அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில், ஆறடி தூரத்து பட்டிங் ஒன்றைத் தவறவிட்டார். அது விழுந்திருந்தால் கோப்பை ஐரோப்பாவிடமே இருந்திருக்கும். அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டியை வென்றார். கதை முடிந்தபோது நான் லாங்கரை வட்டமிட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறும் மாஸ்டர்ஸ் ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. பக்கத்தில் குடும்பம் இல்லாத எங்களையெல்லாம் மேலாளர் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அப்போதெல்லாம் சிபிஎஸ் தொலைக்காட்சி முழு ஆட்டத்தையும் காட்டாது. ஞாயிறன்று முன்னணியில் இருப்பவர்களின் பதினெட்டுக் குழி ஆட்டத்தையும் காட்டத் தொடங்கியதே 2002இல்தான். லாங்கர் பதின்மூன்றாம் குழியில் ஈகிள் அடித்தார், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு அடி குறைவு. அவரைத் துரத்திக்கொண்டிருந்த சிப் பெக் மூன்று அடி பின்னால் இருந்தார். பதினைந்தாம் குழியில், குளத்தைத் தாண்டி, குழி இருக்கும் புல்தரையான கிரீனை நோக்கி ஓங்கி அடிக்காமல், குளத்துக்கு முன்னாலேயே பந்தை மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அறையில் இருந்த பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். மேலாளர் கத்தவில்லை. "அவர் கையில் என்ன மட்டை இருக்கிறது, காற்று எப்படி வீசுகிறது என்று அவருக்குத்தானே தெரியும்" என்றார். லாங்கர் நான்கு அடி வித்தியாசத்தில் வென்று, சாம்பியனுக்குத் தரும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி முதல் பத்துப் பேரைத்தான் காட்டும். நாற்பதாம் இடத்தில் திணறிக்கொண்டிருக்கும் நம் ஐந்தாம் ஆளும் ஆறாம் ஆளும் திரையில் வரவே மாட்டார்கள். அவர்கள் கட்டைத் தாண்டினார்களா என்பது சனிக்கிழமை காலை நாளிதழ் வந்தால்தான் தெரியும். விளையாட்டுப் பக்கத்தின் கடைசி மூலையில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், எல்லாப் பெயரும் எல்லா எண்ணும் இருக்கும். திங்கட்கிழமை மேலாளர் அந்தப் பக்கத்தின் மேல் அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்கி, பென்சிலால் கூட்டுவார். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் எந்தப் போட்டியானாலும் கட்டின் விளிம்பில் தொங்குகிறவர்களைத்தான் என் கண் முதலில் தேடும். வெல்பவருக்குக் கோட்டும் கோப்பையும் இருக்கின்றன. வெள்ளி மாலை கடைசிக் குழியில் நான்கடி பட்டிங்கை உள்ளே தள்ளி இன்னும் இரண்டு நாள் ஆடும் உரிமையைச் சம்பாதிக்கிறவரை, அவர் பெயரை வட்டமிட்ட நாலைந்து பேரைத் தவிர யார் நினைக்கிறார்கள்?

பரிசுக்கு மேலாளர் அகஸ்டாவிலிருந்தே ஒரு வழக்கத்தை எடுத்துவந்தார். அங்கே போட்டி வாரத்தின் செவ்வாய் இரவு, முந்தைய ஆண்டு வென்றவர் பழைய சாம்பியன்கள் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். என்ன சமைப்பது என்பதும் அவர் விருப்பம். 1952இல் பென் ஹோகன் தொடங்கி வைத்தது. லாங்கர் 1986இல் ஷ்னிட்ஸலும் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கும் போட்டார். டைகர் வுட்ஸ் 1998இல் சீஸ்பர்கரும் மில்க் ஷேக்கும் போட்டார். எங்கள் பந்தயத்திலும் அதுதான் விதி. வென்றவர் பணத்தை எடுத்துக்கொள்வார், அடுத்த ஏப்ரலின் ஞாயிறு ஆட்டத்துக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவார். 2000இல் விஜய் சிங் வென்றபோது நான் அவரையும் வட்டமிட்டிருந்தேன், பந்தயத்தையும் வென்றேன். ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் அவர். அடுத்த ஏப்ரலில் அவர் அகஸ்டாவில் தாய்லாந்து உணவு பரிமாறினார். என் வீட்டில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மேலாளர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் சந்தோஷம்.

நாளாக நாளாக ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் என்றாகிவிட்டது. கணக்குப் பிரிவில் இருந்த தோழி கிரெக் நார்மனை விடமாட்டாள். 1996இல் நார்மன் முதல் நாளே 63 அடித்தார். சனி இரவு ஆறு அடி முன்னிலை. ஞாயிறன்று 78 அடித்து, நிக் ஃபால்டோவிடம் ஐந்து அடியில் தோற்றார். பன்னிரண்டாம் குழியில் பந்து கரையில் பட்டு, உருண்டு, தண்ணீருக்குள் போனபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மறு ஆண்டும் நார்மனையே வட்டமிட்டாள். 1999இல் அவர் மூன்றாவதாக வந்தபோது, தானே வென்றதுபோல் எல்லோருக்கும் கேக் வாங்கிவந்தாள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்த நண்பருக்கு ரோரி மெக்கில்ராய். நண்பரின் அம்மா பெல்ஃபாஸ்ட் பக்கம் பிறந்தவர், மெக்கில்ராயின் ஊரான ஹோலிவுட் அதற்கு அடுத்ததுதான். 2011இல் மெக்கில்ராய் நான்கு அடி முன்னிலையோடு ஞாயிறு ஆட்டத்துக்கு வந்தார். பத்தாம் குழியில் அவர் அடித்த பந்து, கேமராக்களே எட்டிப் பார்த்திராத இடத்தில், குடில்களுக்கு நடுவே போய் விழுந்தது. அன்றைய கணக்கு 80. அன்றிலிருந்து நண்பர் தன் தாளின் முதல் வரியை மாற்றியதில்லை.

அகஸ்டாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனமில்லை. 1982 வரை அங்கே ஆட வருகிறவர்கள் கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் கறுப்பினத்தவர்கள். ஆனால் மாஸ்டர்ஸில் ஆட முதல் கறுப்பின ஆட்டக்காரரான லீ எல்டருக்கு 1975இல்தான் இடம் கிடைத்தது. கிளப் ஒரு கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1990இல். 1997இல் இருபத்தொரு வயது டைகர் வுட்ஸ் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் வென்ற அன்று எல்டர் நேரில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அறையில் அன்று யாரும் தங்கள் ஆறு பேரைப் பற்றிப் பேசவே இல்லை. பெண்களின் நிலைமை அதைவிட மெதுவாக நகர்ந்தது. 2002இல் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் மார்த்தா பர்க், பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி கிளப்புக்குக் கடிதம் எழுதினார். கிளப் அசையவில்லை. விளம்பரதாரர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று 2003இலும் 2004இலும் விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பினார்கள். 2003இல் நான் தாளை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்தேன். மேலாளர் என்னோடு வாதாடவில்லை. என் வெற்றுத் தாளையும் மற்றத் தாள்களோடு பலகையில் குத்தி வைத்தார். ஒரு வாரம் முழுக்க அது அங்கே இருந்தது, போகிறவர் வருகிறவரெல்லாம் ஏன் என்று கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன். மறு ஆண்டு திரும்பி வந்தேன். கிளப் வேறு, நாங்கள் வேறு. எங்கள் தாளில் ஆண் பெண் வித்தியாசம் என்றும் இருந்ததில்லை, அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. லாங்கர் அந்த 2004இல், நாற்பத்தாறு வயதில், நான்காம் இடத்தில் வந்தார். காண்டலீசா ரைஸும் டார்லா மூரும் கிளப்பின் முதல் பெண் உறுப்பினர்கள் ஆனது 2012இல். 2019இல் பெண் அமெச்சூர்களின் இறுதிச் சுற்று அதே மைதானத்தில் நடந்தபோது, ஜெனிஃபர் கப்சோ வென்றதை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு அதில் அதிசயமாக எதுவும் படவில்லை. எனக்குப் பட்டது.

இப்போது அந்த அலுவலகம் இல்லை. நிறுவனம் கைமாறி, ஆட்கள் கலைந்து, ஒருவர் ஃப்ளோரிடா, ஒருவர் ஒஹையோ என்று போய்விட்டார்கள். பந்தயம் மட்டும் கைபேசிக்கு இடம் மாறிவிட்டது. மேலாளருக்கு எண்பது தாண்டிவிட்டது. புதன்கிழமை இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்துத் தன் ஆறு பெயரைச் சொல்வார், நான் ஏற்றிவிடுவேன். கூட்டல் கழித்தல் எல்லாம் செயலி பார்த்துக்கொள்கிறது. மாஸ்டர்ஸ் செயலியில் 2019 முதல் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வொரு அடியையும் காணொளியாகவே பார்க்கலாம். நாளிதழின் மூலையில் நான் தேடிய நாற்பதாம் இடத்து மனிதர், மணல் குழியில் நின்று யோசிப்பது வரை கையில் தெரிகிறது. இதற்கு நான் மிகவும் நன்றியோடு இருக்கிறேன்.

அதோடு வேறொன்றும் வந்தது. எங்கள் நியூ ஜெர்சி மாநிலம் மேல்முறையீடு செய்த வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, விளையாட்டுப் பந்தயத்துக்கு நாடெங்கும் கதவைத் திறந்துவிட்டது. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் கணிப்பு, சதவீதம், நிகழ்தகவு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி வகுத்த கணக்குமுறை ஒன்று இருக்கிறது. ஒரே அடியில் ஒருவர் மற்றவர்களைவிட எவ்வளவு லாபம் பார்த்தார் என்பதைத் தசமப் புள்ளிவரை சொல்லிவிடும். எங்கள் குழுவில் அதைக் கரைத்துக் குடித்தவன் தென்காசிப் பக்கத்துத் தம்பி. அவன் வேலைக்கு வந்தபோது இந்த ஆட்டத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது, மேலாளர் எனக்குச் சொன்ன கதைகளை நான்தான் அவனுக்குச் சொன்னேன். இப்போது மார்ச் மாதமே அவன் அட்டவணை வந்துவிடும்.

"அக்கா, லாங்கரா மறுபடியும்? அந்தப் பிரிவுல அவருக்குக் கட் தாண்ட எவ்வளவு வாய்ப்புன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்டா தம்பி. உன் ஆறு பேரை நீ பாத்துக்கோ."

அவன் அட்டவணையை எல்லோரும் பார்த்தார்கள், மற்ற அட்டவணைகளையும் பார்த்தார்கள். முன்பு ஒரு தாள் போல் இன்னொரு தாள் இருக்காது. இப்போது முதல் மூன்று பிரிவுகளில் பாதிப் பேரின் பட்டியல் ஒன்றேதான். கணக்கு தப்பு என்று நான் சொல்லவே இல்லை, கணக்கு மிகவும் சரி. சரியாக இருப்பதால்தான் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஞாயிறு மாலை ஒரே ஆளுக்காக எல்லோரும் கைதட்டும்போது, எதிர்க்கட்சி என்று ஒருவரும் இல்லாமல், சத்தம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

ஆட்டமோ கணக்குக்கு அவ்வளவு எளிதில் கட்டுப்படுவதில்லை. சிப் பெக்கைக் கோழை என்று ஊரே பேசியது. 2007இல் ஸாக் ஜான்சன் என்ன செய்தார்? மாஸ்டர்ஸில் ஒரு சுற்றுக்கு நான்கு வீதம், ஐந்து அடியில் முடிப்பது கணக்கு என்றிருக்கும் நீளமான ஐந்து-பார் குழிகள், நான்கு நாளில் பதினாறு. பதினாறிலும் ஒருமுறைகூட அவர் இரண்டாம் அடியில் கிரீனை எட்டப் பார்க்கவில்லை. பதினாறிலும் முன்னாலேயே நிறுத்தி, அங்கிருந்து பதினொரு பேர்டி (கணக்கைவிட ஓரடி குறைவு) எடுத்து, போட்டியையே வென்றார். பெக் செய்த அதே காரியம்! அன்று இரவு மேலாளரை அழைத்துப் பேசினேன். 1993இல் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். மகிழ்ச்சியாகச் சிரித்தார்.

ஒரு முறை குலுக்கலில் பயிற்சி நாளுக்கான அனுமதிச் சீட்டு விழுந்து, தம்பியும் நானும் அகஸ்டாவுக்கே போய்வந்தோம். வாசலில் கைபேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கே எந்த நாளும் யாருக்கும் கைபேசி கிடையாது. உள்ளே பிமென்டோ சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர், பச்சை உறையில் தருகிறார்கள். தொலைக்காட்சி அந்த நிலத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. பத்தாம் குழியின் தொடக்கத்தில் நின்றால் நிலம் காலடியிலிருந்து நழுவி இறங்குகிறது, தொலைவில் கிரீன் ஒரு பள்ளத்தின் அடியில் கிடக்கிறது. மெக்கில்ராயின் பந்து 2011இல் போய் விழுந்த குடில்கள் இடப்பக்கம், நான் நினைத்ததைவிட மிகவும் கிட்டத்தில் இருந்தன. பன்னிரண்டாம் குழி 155 கஜம்தான், ஓடைக்கு அப்பால் ஒடுங்கிய கிரீன். மரங்களின் உச்சியில் ஒரு பக்கமாகக் காற்று அடிக்கிறது, கொடிக்கம்பத்தின் துணி வேறு பக்கம் அசைகிறது. புள்ளிப் பலகைகளில் எண்களை இன்னமும் ஆட்கள் உள்ளே நின்று கையால்தான் மாற்றுகிறார்கள். போட்டி நாட்களில் எங்கோ மரங்களுக்குப் பின்னால் ஆரவாரம் எழும், யாருக்கு என்று தெரியாமல் எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். தம்பி வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் 1993 அப்படியே அங்கே பத்திரமாக இருந்தது. தூரத்தில் இருக்கும் எங்களுக்கு எல்லாம் தெரிகிறது, மைதானத்துக்குள் நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். எது கொடுத்து வைத்தவர்களின் இடம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் மைதானத்தைச் சொல்வேன்.

2018இல் பந்தயத்தை நான் வென்றேன். அதனால் 2019 ஞாயிறு விருந்து என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் வடையும் என்று ஏற்பாடு. சனிக்கிழமை, இடிமழை வரப்போகிறது என்று சொல்லி, ஞாயிறு ஆட்டத்தை அதிகாலைக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே ஒளிபரப்பு. நல்ல வேளை, வீட்டில் மாவு புளித்திருந்தது. எட்டரைக்கெல்லாம் ஆட்கள் வந்து இறங்க, இட்லித் தட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் குழியில் மோலினாரி, கெப்கா, ஃபினாவ், போல்ட்டர் என்று வரிசையாகத் தண்ணீரில் போட்டார்கள். வுட்ஸ் மட்டும் கிரீனின் நடுப்பக்கம் பார்த்துப் பத்திரமாக அடித்தார். நாற்பத்து மூன்று வயதில் ஐந்தாவது பச்சைக் கோட்டு. அன்று எங்கள் கூடத்தில் கேட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், அவருக்கும் ஒரு தட்டு வைத்தோம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த கடைசி மாஸ்டர்ஸ் அது. அடுத்த போட்டி கோவிட்டால் 2020 நவம்பருக்குத் தள்ளிப்போய், பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது, நாங்கள் ஸூமில் கட்டம் கட்டமாக இருந்தோம்.

அந்த நவம்பரில்தான் லாங்கருக்கு அறுபத்து மூன்று வயது. அதற்குள் அவர் என் தாளில் முதல் பிரிவிலிருந்து இரண்டு, மூன்று என்று இறங்கி, எப்போதோ ஆறாம் பிரிவுக்கு, பழைய சாம்பியன்களும் அமெச்சூர்களும் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டிருந்தார். நானும் அவரோடு ஒவ்வொரு வரியாக இறங்கி வந்திருந்தேன். அந்த ஆண்டு எல்லோர் பேச்சும் பிரைசன் டிஷாம்போ. உடம்பை ஏற்றி, யாரும் அடிக்காத தூரம் அடித்து, அகஸ்டாவைத் தன் காலடியில் கொண்டுவந்துவிடுவார் என்றார்கள். எங்கள் முதல் பிரிவில் அவரைத்தான் அதிகம் பேர் எடுத்திருந்தார்கள். லாங்கர் கட்டைத் தாண்டினார், அதுவரை மாஸ்டர்ஸில் கட் தாண்டியவர்களிலேயே மூத்தவர் ஆனார். ஞாயிறன்று அவரையும் டிஷாம்போவையும் ஒரே ஜோடியாகப் போட்டார்கள். முதல் அடியில் இருவர் பந்துக்கும் நடுவே ஒரு தெருவே போகலாம். டிஷாம்போ 73, லாங்கர் 71. போட்டி முடிவிலும் லாங்கர்தான் முன்னால். என் பட்டியல் பந்தயத்தை வெல்லவில்லை, ஆனால் ஆறாவது பெயர் என் முதல் பெயரைவிட எனக்கு உதவியது. தம்பி கையெடுத்துக் கும்பிடுவது ஸூம் கட்டத்தில் தெரிந்தது.

2025க்கு வருகிறேன். லாங்கருக்கு அறுபத்தேழு. முந்தைய ஆண்டே விடைபெற நினைத்திருந்தார், பிக்கிள்பால் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்து தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை மாலை கடைசிக் குழிக்கு வந்தபோது சரியாகக் கட்டின் கோட்டின்மேல் நின்றார். பார் எடுத்தால் சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. போகி. ஒரே அடியில் போயிற்று. அந்த ஒரு அடிக்காகவோ, எண்பதும் எண்பதும் என் கணக்கில் ஏறியதற்காகவோ இல்லை, அந்த மனிதருக்காகத்தான் அழுதேன். தம்பிதான் முதலில் அழைத்தான். "அக்கா, நல்லாத்தான் ஆடினாரு" என்றான். அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு மெக்கில்ராய். இரண்டு அடி முன்னிலையோடு இறங்கி, முதல் குழியிலேயே இரண்டையும் இழந்தார். பதின்மூன்றாம் குழியில், கையில் குறுகிய மட்டையோடு, சின்ன அடியைத் தண்ணீரில் போட்டார். பதினைந்தில் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்தது நான் பார்த்த அடிகளிலேயே மிக அழகானது. பதினெட்டில் ஐந்தடி பட்டிங் தவறி, ஜஸ்டின் ரோஸோடு கூடுதல் குழிக்குப் போய், அங்கே பேர்டி எடுத்து மண்டியிட்டார். நான்கு பெரிய போட்டிகளையும் வென்றவர்கள் அதுவரை ஐந்து பேர்தான், அவர் ஆறாவது. இப்போது ஃப்ளோரிடாவில் இருக்கும் மெக்கில்ராய் நண்பரைக் காணொளியில் பார்த்தேன். பேச்சு வராமல் அம்மாவின் படத்தை எடுத்து கேமரா முன் காட்டினார்.

பந்தயத்தில் நண்பர் ஐந்தாவதாக வந்தார். அந்த ஆண்டு முதல் பிரிவில் பாதிப் பேர் ஷெஃப்லரையும் மீதிப் பேர் மெக்கில்ராயையும் எடுத்திருந்தார்கள். 2011இன் மறு ஆண்டு நண்பர் தனி ஆளாக வட்டமிட்ட பெயர் மெக்கில்ராய். அதே பெயர் கடைசியில் வென்றபோது அவருக்கென்று ஒரு அடிகூட மிச்சமாகவில்லை. வென்றவள் பழைய நார்மன் தோழி. ரோஸ், ஷெஃப்லர், பேட்ரிக் ரீட், ஸாக் ஜான்சன். ரீட், அப்போது தரவரிசைப் புள்ளி கிடைக்காத லிவ் போட்டிகளுக்குப் போனதால் தரவரிசையில் சரிந்து, கீழ்ப்பிரிவில் இருந்தார். ஜான்சனுக்கு நாற்பத்தொன்பது வயது, பழைய சாம்பியன்களோடு கிடந்தார். அவர்கள் பேரில் அட்டவணைகளுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எப்படி எடுத்தாய் என்று கேட்டதற்கு, இவர்கள் அங்கே வென்றதையும் தோற்றதையும் பார்த்திருக்கிறேன், அந்தச் சரிவுகள் இவர்களுக்குத் தெரியும் என்று சொன்னாள்.

அதன் பிறகுதான் நான் விதியை மாற்றக் கேட்டேன். பிரிவு வேண்டாம், முறை வைத்து எடுப்போம். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் எடுக்கக்கூடாது. அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தன் ஆட்கள் என்று இருப்பார்கள், நாற்பதாம் இடத்துக்கும் யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லோரும் சரி என்றார்கள். ஃப்ளோரிடா நண்பர் மட்டும் மறுத்தார். குலுக்கலில் தன் முறை பின்னால் வந்தால் மெக்கில்ராயை வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களே என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்பதால் மேலாளர் ஒரு வழி சொன்னார். முறை தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு ஒரு பெயரைத் தனக்கென்று எழுதிக்கொடுத்துவிடலாம், அவர் ஆடும் வரை அந்தப் பெயர் அவருடையது, யாரும் தொடக்கூடாது.

நண்பர் மெக்கில்ராயைக் கொடுத்துவிட்டார். தம்பி சாஹித் தீகலாவைக் கொடுத்தான். 2023இல் பதினாறாம் குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து உள்ளே உருட்டினாரே, அவர். அந்த அடியைப் பார்த்துவிட்டுத்தான் அவன் மகள் மட்டையைப் பிடித்திருக்கிறாள். நான் ஓலத்தாபலை எழுதியிருக்கிறேன். ஸ்பெயினில் மைதானப் பராமரிப்பாளரின் மகன், கால் வலியால் நடக்கவே முடியாமல் கிடந்து, எழுந்து வந்து 1999இல் இரண்டாம் முறை வென்றவர். அவருக்கு வயதாகிவிட்டது என்று தம்பி சொல்லத் தொடங்கினான். அவருக்கு ஆயுள் முழுக்க அழைப்பு இருக்கிறது என்று சொன்னேன்.